பளிங்குப் பொடியும் உவர் நிலமும்



இன்றைக்கு நான் கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் நெல்லைப் பற்றிச் சொன்னால் நம்மவர்கள் காது கொடுப்பார்கள். 1960-களில் ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்து விதைத்த சீமை இது. ஆனால் கல்? "நாயை அடிக்க ஒரு கல் அகப்படாத தஞ்சாவூர் ஜில்லாவில் இவருக்கு என்ன வேலை?" என்று தாங்கள் கேட்கலாம். வாஸ்தவம்தான். கல்லணையைத் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால் கால் வைக்கும் இடமெல்லாம் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்து சேர்ந்தது. அதனாலேதான் சொல்கிறேன்: கல்லோடு பழக்கமில்லாத நம்மிடம் கல்லை அரைத்துக் கொண்டுவந்து விற்பது சுலபம். எங்கள் பெரியப்பா அப்படி ஒரு லாரிப் பொடி வாங்கினார். அந்தக் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வேளாங்கண்ணியைத் தாண்டி, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. நல்ல களிமண். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்ததே, அன்று கடல் தண்ணீர் வரப்பு மேலேறி வயலுக்குள் நின்றுவிட்டது. சம்பாப் பயிர் கருகிப் போச்சு. தண்ணீர் வற்றின பிறகு மண் மேலே வெள்ளையாகப் பூத்தது. அடுத்த வருஷம் கோடையில் ஒரு ஆள் வந்தார். "ஐயா, இது மேற்கே வெட்டியெடுத்த பளிங்குக் கல்லை அரைச்ச பொடி. அசல் சுண்ணாம்பு. ஏக்கருக்கு இருபது மூட்டை போடுங்க, உப்பு முறிஞ்சு போகும்" என்றார். பெரியம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அறுபது மூட்டை வந்து இறங்கியது. நாற்பத்திரண்டு மூட்டையை மூன்று ஏக்கரிலும் இறைத்து, உழுது, நாற்றும் நட்டார்கள். நட்ட மூன்றாம் வாரம் பயிர் வெளுத்தது. அடி இலையெல்லாம் துரு பிடித்தாற்போல் புள்ளி விழுந்தது.

அப்போது நான் கல்லூரியில் நில இயல் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனதும் பெரியப்பா ஒரு கை பொடியை என் முன்னால் வைத்தார். "ஏண்டா தம்பி, நீ கல்லுப் படிப்புத்தானே படிக்கிறே? இது சுண்ணாம்பா, இல்லே ஏமாத்திட்டானான்னு பாத்துச் சொல்லு."

எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தேன். பொடி பொசுபொசுவென்று நுரைத்தது. "சுண்ணாம்புதான் பெரியப்பா. ஏமாத்தலே" என்றேன்.

"அப்ப ஏன் உப்பு போகலே?"

அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படித்த பாடத்தையெல்லாம் புரட்டிப் பார்த்துத்தான் பிறகு சொன்னேன். அந்தப் பதிலைத்தான் இப்போது தங்களிடம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மேற்கே வெட்டியெடுப்பதாகச் சொன்னாரே அந்தப் பளிங்குக் கல், அது எங்கே இருக்கிறது? கரூரைச் சுற்றி இருக்கிறது. சேலம் மாவட்டம் சங்ககிரியில் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரை, விருதுநகர் மாவட்டம் பந்தல்குடி, திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்து என்று வரிசையாகச் சொல்லலாம். இந்தக் கல்லை நம்பித்தான் மதுக்கரையில் 1934-லும், தாழையூத்தில் 1949-லும், சங்ககிரியில் 1963-லும் சிமெண்டு ஆலைகள் எழும்பின. இதற்குப் படிகச் சுண்ணாம்புக்கல் என்று பெயர். உடைத்துப் பார்த்தால் உடைந்த முகத்தில் கற்கண்டு மாதிரி மினுமினுக்கும். அந்த மினுமினுப்பில்தான் சமாசாரமே அடங்கியிருக்கிறது.

முதலில் அது கல்லாக இல்லை. கடலடியில் படிந்த வெள்ளைச் சேறு. நத்தை, கிளிஞ்சல் எதுவும் உலகத்தில் பிறக்காத அவ்வளவு பழைய காலம் அது. கடல் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு தானாகவும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் உதவியாலும் அடியில் படிந்தது. அதன் மேல் மணலும் களிமண்ணும் மாறி மாறி விழுந்து மூடின. பிறகு பூமியின் பெரும் நிலத்துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கின. சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா எல்லாம் ஒன்றாக இறுகி, கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாகச் சேர்ந்த சமயத்தில் நம்முடைய இந்தப் பாறைகள் கடைசியாக ஒரு தடவை நன்றாக வெந்தன. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழம். 700, 800 டிகிரி சூடு.

வெந்தன என்கிறேன், உருகின என்று சொல்லவில்லை. செங்கல் காளவாயை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கல் உள்ளே போகிறது, செங்கல் வெளியே வருகிறது. உருகி ஓடுவதில்லை. ஆனால் மண் வேறு, செங்கல் வேறு. செங்கல்லை மழையில் போட்டால் திரும்பச் சேறாகாது. அதே மாதிரி, மாவு போலிருந்த சுண்ணாம்புத் துகள் சூட்டிலும் அழுத்தத்திலும் பக்கத்துத் துகளோடு சேர்ந்து சேர்ந்து பெரிய படிகமாக வளர்ந்துவிட்டது. படிகத்துக்குப் படிகம் இடைவெளியே இல்லாமல் பல்லும் பல்லுமாகக் கோத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே நுழைய வழி இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் போட்டுச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பாகிவிடுமே, பூமிக்குள்ளே அவ்வளவு சூட்டில் வெந்த கல் ஏன் சுட்ட சுண்ணாம்பாகவில்லை? கேட்கவேண்டிய கேள்வி. காளவாயில் 900 டிகிரி வாக்கில் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியே ஓடிப்போகிறது. நூறு கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். காளவாய்க்கு மேலே ஆகாயம் திறந்திருக்கிறது, அதனால் போகிறது. பூமிக்கு அடியில் முப்பது கிலோமீட்டர் பாறை மூடி போட்டாற்போல் அழுத்திக்கொண்டிருக்கிறது. வாயு எங்கே போகும்? கல்லுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. ஆகவே பளிங்குக் கல் எவ்வளவு வெந்தாலும் உள்ளுக்குள் சுண்ணாம்புக்கல்தான். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பின் காரம் அதற்குக் கிடையாது. "அசல் சுண்ணாம்பு" என்று வியாபாரி சொன்னதில் இந்த வித்தியாசம் மறைந்து போயிற்று.

கல்லில் கலப்படமும் உண்டு, அது இயற்கை செய்த கலப்படம். சுண்ணாம்புச் சேற்றோடு மணல் கலந்திருந்த இடத்தில், வேகும்போது இரண்டும் சேர்ந்து வோலாஸ்டனைட் என்ற வேறு கனிமமாக மாறிவிட்டது. களிமண் கலந்த இடத்தில் சிவப்புக் கார்னெட் கல் பிறந்தது. மக்னீசியம் இருந்த இடத்தில் டொலமைட்டும் பச்சை நிறக் கனிமங்களும் வந்தன. இப்படியாகச் சுத்தமான பளிங்கும் பச்சை, பழுப்பு வரிகளும் கலந்து கிடக்கும். கோரைப்பாயை இரண்டு பக்கமும் நெருக்கினால் மடிந்து மடிந்து எழும்பும் அல்லவா? அந்த மடிப்பின் முதுகை அரிவாளால் சீவிவிட்டால் பாயின் வரிகள் நெட்டுக்குத்தாக நிற்கும். மேற்கத்திச் சுண்ணாம்புக்கல் அப்படித்தான் நைஸ் என்னும் வரிப்பாறைகளுக்கு நடுவே ஒல்லியான பட்டை பட்டையாக நிற்கிறது. குவாரிகளைப் பாருங்கள், பல இடங்களில் நீளமாகவும் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். பட்டையை விட்டு ஒரு பக்கம் விலகி வெட்டினால் வெறும் பாறைதான் வரும். அதையும் சேர்த்து அரைத்தால் அதுவும் வெள்ளைப் பொடிதான். மூட்டையில் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

சிமெண்டில் மக்னீசியா 6 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அதனால் மக்னீசியம் மிகுந்த பட்டையைச் சிமெண்டுக்கு எடுக்கமாட்டார்கள். அது கெட்ட கல் என்று அர்த்தமில்லை. இலங்கையில் மாத்தளை, கண்டி பக்கமெல்லாம் இதே மாதிரி வெந்த சுண்ணாம்புப் பட்டைகள் ஓடுகின்றன. கோண்ட்வானாவில் நமக்குப் பக்கத்து வீடாக இருந்த பாறைகள் அவை. கண்டிக்கு அருகே திகணையில் வெட்டும் டொலமைட்டைப் பொடியாக்கித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போடுகிறார்கள். அங்கே பலன் தருகிறது. ஏனென்றால் மலைநாட்டு மழையில் அலசி அலசி அந்த மண் புளித்துப் போயிருக்கிறது. புளிப்பு மண் பளிங்குப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். பெரியப்பாவின் எலுமிச்சம்பழச் சாறு செய்த வேலை அது.

இப்போது பெரியப்பா வயலுக்கு வருவோம். கடல் தண்ணீர் நின்ற களிமண்ணில் இரண்டு கெடுதல். ஒன்று, மண்ணுக்குள் இருக்கும் உப்பு. இதைத் தண்ணீர் கட்டி வடித்தால் போய்விடும். இன்னொன்று, களிமண் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியம். இது தண்ணீரில் போகாது. உப்பு போன பிறகு இந்தச் சோடியந்தான் மண்ணைக் களராக்கி, நனைந்தால் கூழாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆக்குகிறது. சோடியத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்கார வேண்டும். அதற்குக் கால்சியம் தண்ணீரில் கரைந்து வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்புக்கல்லோ, சுத்தமான தண்ணீரில் ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூடக் கரையாது. காரம் ஏறிய மண்ணில் அதைவிடக் குறைவு. பல்லும் பல்லுமாகக் கோத்த பளிங்கின் பொடி என்றால், அதுவும் நறநறவென்று கரடாக அரைத்தது என்றால், மணலுக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சந்தான். நாற்பத்திரண்டு மூட்டையும் களிமண்ணுக்குள் சும்மா படுத்துக் கிடந்தது.

சும்மா கிடந்திருந்தாலாவது பரவாயில்லை. நம்ம டெல்டா மண்ணில் துத்தநாகச் சத்து ஏற்கெனவே பற்றாக்குறை. காரமும் சுண்ணாம்பும் கூடினால் இருக்கிற கொஞ்சமும் பயிருக்கு எட்டாமல் போகும். அடி இலையில் விழுந்த துருப் புள்ளி அதுதான். அதற்கு ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் போடவேண்டியதாயிற்று. பொடிக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம், அதனால் வந்த செலவு இன்னொரு பக்கம்.

பெரியப்பா மேற்கேயிருந்து பளிங்கை வரவழைத்தார். அவருக்கு வேண்டிய மருந்தோ வடக்கே, கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சம் தகடு தகடாகவும் இழை இழையாகவும் கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் ஏராளம். ஆனால் அது வேறு ஜாதி. கரூர்க் கல் வெந்து பல கோடி வருஷம் கழித்து, இன்றைக்குச் சுமார் 10 கோடி வருஷத்திலிருந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன்பு வரை, அரியலூர்ச் சீமை கடலாயிருந்தது. அந்தக் கடலடிச் சேறு பூமிக்குள் ஆழமாகப் போகவில்லை, வேகவும் இல்லை. அதனால் சிப்பி சிப்பியாகவே, சுருண்ட அம்மோனைட்டு சங்கு சங்காகவே இன்னும் கிடக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். அங்கே சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதை 1940-ல் உலகுக்குக் காட்டியவர் எம். எஸ். கிருஷ்ணன். நம்ம தஞ்சாவூர்க்காரர். இந்திய நில இயல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். கல் இல்லாத சீமையில் பிறந்தவர் கல்லுக்குப் பெரியவரானார், பாருங்கள்.

வேகாத அரியலூர்க் கல்லில் சிப்பி தெரியும். கரூர், சங்ககிரிக் கல்லில் தேடினாலும் கிடைக்காது. ஆழத்துச் சூட்டில் பழைய அடையாளம் எல்லாம் அழிந்து படிகமாகிவிட்டது. கண்ணால் பார்த்துப் பிரிக்க இதுவே போதும். ஆனால் உவர், களர் விஷயத்தில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் கைகொடுக்காது. மிருதுவான கல், நைசாக அரையும், அவ்வளவுதான். கரைகிற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

வெள்ளையாயிருப்பதெல்லாம் சுண்ணாம்பும் இல்லை. சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று குன்றுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் அதற்குச் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணக் குன்று என்றே பெயர் வைத்தார்கள். உள்ளே இருப்பது மாக்னசைட். நம்ம வல்லத்தில் கிடைத்த பளபளப்புக் கல்லைத் தீட்டி மூக்குக் கண்ணாடி செய்தார்கள். அது வெங்கச்சாங்கல் ஜாதி. ஆகவே மூட்டையை வாங்குமுன் வீட்டிலேயே பாருங்கள். கல்லாக வந்தால் கத்தியால் கீறுங்கள். சுண்ணாம்புக்கல்லில் கோடு விழும், வெங்கச்சாங்கல்லில் விழாது. ஜிப்சமாயிருந்தால் நகத்தாலேயே கோடு விழும். பொடியாக வந்தால் எலுமிச்சம்பழச் சாறு. சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டொலமைட் சோம்பேறித்தனமாக மெல்ல நுரைக்கும். வோலாஸ்டனைட்டும் மற்றப் பாறைப் பொடியும் நுரைக்காது. ஜிப்சமும் நுரைக்காது, அதை மறந்துவிடாதீர்கள். ஜிப்சம் வாங்கப் போய், நுரைக்கிற பொடியைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுரைத்தது என்பதற்காக உங்கள் வயலுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. மண் பரிசோதனை செய்த பிறகுதான் அது தெரியும். ஆடுதுறையிலோ, உங்கள் வேளாண்மை அலுவலர் சொல்லும் நிலையத்திலோ மண்ணைக் கொடுத்தால் கார அமில நிலையை அளந்து சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுண்ணாம்புக்கல் நம்ம வயலிலேயே பிறக்கிறது. களிமண்ணைத் தோண்டும்போது முண்டும் முடிச்சுமாக வெள்ளைக் கட்டி அகப்படுமே, சுக்கான்கல், அதுதான். மேற்கே பாறைகளில் கரைந்து தண்ணீரோடு வந்த சுண்ணாம்பு, கோடையில் மண் காயும்போது கீழே கட்டிதட்டி நின்றுவிடுகிறது. சுக்கான் தட்டுப்படும் நிலத்துக்குக் காசு கொடுத்துச் சுண்ணாம்புப் பொடி வாங்குவது கொல்லன் தெருவில் ஊசி வாங்கிப் போய் விற்கிற கதை. அந்த நிலத்தில் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதுவிடுங்கள். தழை மக்கும்போது கரியமில வாயு கிளம்பும். அது தண்ணீரில் சேர்ந்தால் லேசான புளிப்பு. அந்தப் புளிப்பு உள்ளே இருக்கும் சுக்கானையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியத்தைக் கொடுக்கும்.

புளிப்பு மண் நம் பக்கத்தில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. 1934-க்குப் பிறகு கல்லணைக் கால்வாய்ப் பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துச் செம்மண், செம்புறை மண் நிலங்களில் சில இடம் புளித்திருக்கும். அங்கேயும் நெல் வயலுக்குச் சுண்ணாம்பு அவசரமில்லை. தண்ணீர் கட்டிய சில வாரத்தில் புளிப்பு மண்ணும் கார மண்ணும் இரண்டுமே நடுநிலைக்கு வந்து சேரும். இதை விளக்கிச் சொன்னவர் பிலிப்பைன்சில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இலங்கை அறிஞர் பொன்னம்பெருமா. தண்ணீர் நிற்காத தோப்பும் கொல்லையும் வேறு கணக்கு. அங்கே பரிசோதனையில் புளிப்பு என்று வந்தால் டொலமைட் பொடி போடலாம். வாங்கும்போது கால்சியம் கார்பனேட் எத்தனை சதவிகிதம் என்று எழுதி வாங்குங்கள். விரலில் தேய்த்தால் கோதுமை மாவு மாதிரி இருக்கவேண்டும். ரவை மாதிரி இருந்தால் அது கரைவதற்குள் உங்கள் பேரன் விவசாயம் பார்க்க வந்துவிடுவான்.

பெரியப்பா நிலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மண்ணைப் பரிசோதித்தோம். வரப்பை உயர்த்தி, கடைமடையில் வடிகாலை ஆழமாக வெட்டினார். 2005-ஆம் வருஷ ஐப்பசி, கார்த்திகை மழை ஊரையெல்லாம் வெள்ளக்காடாக்கியது. அவருக்கு மட்டும் சந்தோஷம். நின்ற தண்ணீரை நாலு தடவை வடித்தார். பரிசோதனையில் சொன்ன அளவுக்கு ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு இரண்டு போகம் மடக்கி உழுதார். மூன்றாம் வருஷம் கதிர் தலை சாய்ந்தது. பெரியம்மாவின் வளையல் அதற்கு அடுத்த வருஷந்தான் திரும்பி வந்தது.

மீதிப் பதினெட்டு மூட்டை மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்தது. "இதை என்னடா பண்றது? ஆத்துலே கொட்டிடவா?" என்றார். பெரியப்பா மகள், எங்கள் அக்கா, பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்களுக்குச் செம்மண்ணில் தென்னந்தோப்பு. அந்த மண்ணை எடுத்துப் பரிசோதித்தால் புளிப்பு என்று வந்தது. அத்தானிடம் சொன்னேன். பொடியை இன்னொரு தடவை மில்லில் கொடுத்து நைசாக அரைத்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தியில் போட்டுக் கொத்திவிட்டார்கள்.